கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள கடைக்காரர்களுக்கு, வணக்கம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. கூடத்தில் மூன்றடித் தொட்டி, அதில் ஆறு கோல்டு ஃபிஷ். முதல் ராத்திரியே எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நானும் மகளும் மாறி மாறி தண்ணீரில் காற்று கலக்கட்டும் என்று மக்கில் தண்ணீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். தோள்பட்டை கழன்றுவிட்டது, ஆனால் ஆறும் பிழைத்தன.

செத்தது கரண்ட் வந்த பிறகுதான். சந்தோஷத்தில் சுவிட்சைத் தட்டினேன். இரண்டு நாள் நின்றுபோயிருந்த கேனிஸ்டர் ஃபில்டரிலிருந்து (தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவில் தண்ணீரைச் சுத்தம் செய்வது) கறுப்புத் தண்ணீர், அழுகின முட்டை நாற்றத்தோடு தொட்டிக்குள் கொட்டியது. விடிவதற்குள் நான்கு மிதந்தன. ஃபில்டர் பஞ்சில் வாழ்ந்து மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும், தண்ணீர் ஓடாமல் நின்றால் சில மணி நேரத்தில் அது சாகத் தொடங்கும், ஃபில்டரைத் திறந்து பழைய தண்ணீரைக் கொட்டி, பஞ்சை அலசிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

சரி, தப்பு என்னுடையது. ஆனால் தொட்டி வாங்கிய அன்று கலர் கல், பின்னால் ஒட்டும் படம், மூன்று வகைத் தீனி என்று எல்லாம் சொன்னார்கள், இதைச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாததா? கவரில் கொஞ்சம் தண்ணீர், மிச்சத்துக்கு ஆக்சிஜன், மேலே ரப்பர் பேண்ட். கரண்டே இல்லாமல் மீனை வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் நீங்கள்.

பேட்டரியில் ஓடும் ஏர் பம்பை உள் அலமாரியிலிருந்து எடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். சின்ன ஏர் பம்ப் இழுப்பது நான்கைந்து வாட்தான், ஒரு எல்.இ.டி. பல்பை விடக் குறைவு. நாமோ ஃபேனை இன்வெர்ட்டரில் கொடுத்துவிட்டுப் பம்பை விட்டுவிடுகிறோம். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போனதும் டியூப் வழியே தண்ணீர் இறங்கிவிடும்.

தீனியை நிறுத்தச் சொல்வதுதான் கஷ்டம். "பாவம், பசிக்குமே" என்று என் அம்மா அன்றைக்கும் ஒரு பிடி போட்டார். தின்ற மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும், கழிவும் கூடும். வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

வெளிநாட்டு வீடியோக்களில் தொட்டிக்குக் கம்பளி போர்த்தச் சொல்கிறார்கள். நம் ஊரில் பிரச்சினை குளிர் இல்லை, சூடு. தண்ணீர் சூடாக ஆகத்தான் ஆக்சிஜன் குறையும். மூடியைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அடிக்கடி கரண்ட் போகும் ஏரியா என்றால் கோல்டு ஃபிஷ்ஷுக்குப் பதில் ஃபைட்டரையோ கௌராமியையோ காட்டுங்கள், அவை மேலே வந்து காற்றையே சுவாசிக்கும்.

மிஞ்சிய இரண்டும் நன்றாக இருக்கின்றன. மகள் துணைக்கு மீன் கேட்கிறாள், ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருகிறேன். அந்த பேட்டரி பம்பை நான் கேட்பதற்கு முன்னால் நீங்கள் காட்டுகிறீர்களா, பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர்