வாரத்தில் ஒரு மணி நேரம் பேச விடுங்கள்: வேதியியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்த உட்காரும்போது ஒரே ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள். முதல் பருவத்துப் பொது வேதியியலில் வாரத்துக்கு ஒரு மணி நேரம், மாணவர்கள் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து கணக்குப் போட, கால அட்டவணையிலேயே ஒதுக்குங்கள். அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் 5 அதற்குப் போகட்டும்.

போன பருவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 10 கிராம் ஹைட்ரஜனும் 64 கிராம் ஆக்சிஜனும் வினைபுரிந்தால் எவ்வளவு தண்ணீர் கிடைக்கும், எது முதலில் தீரும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். முதலில் தீர்ந்து வினையை நிறுத்திவிடும் பொருளைக் கண்டுபிடிக்கும் லிமிட்டிங் ரீஏஜென்ட் பாடத்தை முந்தின நாள்தான் ஒரு மணி நேரம் நடத்தியிருந்தேன். புரிந்ததா என்றதற்கு மொத்த வகுப்பும் தலையாட்டியது. இப்போது மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், "ஹைட்ரஜன்தான் தீரும், பத்து கிராம்தானே இருக்கு" என்று எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "எடையைப் பாக்காதடி. ஒரு தட்டுக்கு ரெண்டு இட்லி, ஒரு வடை. உங்கிட்ட இட்லி அஞ்சு, வடை ரெண்டு. எத்தனை தட்டு வைப்ப?"

மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அளவு, டஜன் மாதிரி. இரண்டு மோல் ஹைட்ரஜனுக்கு ஒரு மோல் ஆக்சிஜன் வேண்டும். இங்கே இருப்பது 5 மோல் ஹைட்ரஜன், 2 மோல் ஆக்சிஜன். இரண்டு தட்டு வைத்ததும் வடை காலி, ஒரு இட்லி மிச்சம். அதாவது 72 கிராம் தண்ணீர், 2 கிராம் ஹைட்ரஜன் மீதி. கூட்டினால் 74 வருகிறதா என்று முதல் பெண் தானே சரிபார்த்துக்கொண்டாள். இத்தனை வருடமாக நடத்துகிறேன், எனக்கு இந்த வடை தோன்றியதில்லை. மோல் என்னைக் குழப்பிய நாள் எப்போதோ மறந்துவிட்டது. வடைக் கணக்கு சொன்ன பெண்ணுக்கோ அது தெளிந்து ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்களிடம் வருகிறவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவர்கள். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். ஆசிரியரிடம் சந்தேகம் கேட்டால் ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமோ என்று வாயை மூடிக்கொள்வார்கள். பக்கத்துப் பெஞ்சில் அந்தப் பயம் இல்லை.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. நியூயார்க் சிட்டி கல்லூரியில் 1990-களிலேயே பொது வேதியியலுக்கு இப்படிச் செய்தார்கள். அதே பாடத்தை முன்பு நன்றாகப் படித்து முடித்த மாணவரே சிறு குழுவை வழிநடத்துவார். நம் இரண்டாமாண்டுப் பிள்ளைகள் இதற்குப் போதும். 2014-இல் அமெரிக்காவில், அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி சுமார் 34 சதவீதம். மாணவர்கள் தாங்களே இறங்கி வேலை செய்த வகுப்புகளில் சுமார் 22.

குழு என்றாலே ஒருவன் எழுத மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள் என்பீர்கள். உண்மைதான், நானே பட்டிருக்கிறேன். முதல் வருடம் ஆறு ஆறு பேராகப் பிரித்தேன். முதல் மதிப்பெண் வாங்குகிறவன் எழுதினான், மீதிப் பேர் மேஜைக்கு அடியில் போன் பார்த்தார்கள். அப்புறம் நான்கு பேராகக் குறைத்து, ஆளுக்கொரு எண் கொடுத்து, சாக்பீஸ் டப்பாவில் சீட்டுப் போட்டேன். எந்த எண் வருகிறதோ அவர் பலகைக்கு வந்து விளக்க வேண்டும். அவர் சொல்வதை வைத்துத்தான் நான்கு பேருக்கும் மதிப்பெண். அதற்கப்புறம் போன் பைக்குள் போய்விட்டது, சொல்லிக்கொடுக்காமல் விட்டவனைக் கூட இருப்பவர்களே திட்டினார்கள். பருவத் தேர்வை வழக்கம்போல் தனித்தனியாகத்தான் எழுதப்போகிறார்கள், அதில் கைவைக்க வேண்டாம்.

இதற்குப் பணமும் வேண்டாம். எங்கள் வகுப்பில் நீள பெஞ்சுகள்தான், நகர்த்த முடியாது. முன் வரிசையில் இரண்டு பேர் பின்னால் திரும்பி உட்கார்ந்தால் குழு ஆகிவிடும். சத்தம் மட்டும் இருக்கும். முன்பு வேலை பார்த்த கல்லூரியில், "வகுப்பா சந்தைக்கடையா?" என்று கேட்டு இதை நிறுத்தியே விட்டார்கள். பாடத்திட்டத்தில் இந்த மணி நேரத்துக்கு ஒரு வரி இருந்திருந்தால் அன்றைக்கு அதைக் காட்டியிருப்பேன். நான் உங்களிடம் கேட்பது அந்த ஒரு வரியைத்தான்.

உங்களில் யாருக்காவது நேரம் இருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளைக்கு வந்து பின் பெஞ்சில் உட்காருங்கள். இந்த வாரக் கேள்வி ஆய்வகத்திலிருந்து வந்தது. சூடாக்கிய ஆக்சாலிக் அமிலத்தில் ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசலின் முதல் சில சொட்டுகள் நிறம் மறைய அவ்வளவு நேரம் எடுக்கின்றன, அப்புறம் விழ விழ மறைகின்றன. ஏன்? வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையை முடுக்குகிறது என்ற விடையை நான் இன்னும் சொல்லவில்லை. இரண்டு குழுக்கள் கிட்டத்தட்ட நெருங்கிவிட்டன.

இப்படிக்கு,
ஒரு முதலாண்டு வேதியியல் ஆசிரியர்