எட்டுப் பக்கம் முடிக்கட்டும்

அன்பு நண்பா,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. ஓவியக் கல்லூரியின் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பருவம் முழுக்கக் கார்ட்டூனும் காமிக்ஸும் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். பத்திரிகை ஓவியர் கோபுலு ஓவியம் படித்த கும்பகோணத்தில் இந்தப் பாடம் கட்டாயம் நடக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். நான் சொல்வது இதுதான்: பருவம் முடிவதற்குள் ஒவ்வொருவரும் எட்டுப் பக்கத்தில் ஒரு கதையை எழுதி, வரைந்து, வசனம் சேர்த்து, அச்சிட்டு, நடுவில் பின் அடித்து உன் மேசையில் வைக்க வேண்டும். மற்ற பயிற்சிகள் எல்லாம் அதற்குத் துணையாக இருந்தால் போதும்.

உன் பிள்ளைகளுக்கு உருவம் வரைய வரும். ஒரே முகத்தை நாற்பது கட்டங்களில் அதே முகமாக வரைவதும், சுமாராக வந்த பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதும்தான் வராது. கான்வாஸில் ஒரு படத்தை மூன்று மாதம் தீட்டலாம். காமிக்ஸில் முதல் பக்கத்தையே தீட்டிக்கொண்டிருப்பவன் மூன்றாம் பக்கத்துக்கு வந்து சேரமாட்டான். வேலை கொடுப்பவர் முதலில் பார்ப்பது, இவன் முடித்துக் கொடுப்பானா என்பதைத்தான்.

எட்டு என்பதற்குக் காரணம் இருக்கிறது. பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நாலின் மடங்காகத்தான் வரும். இரண்டு ஏ4 தாளை இருபுறமும் அச்சடித்து மடித்தால் ஏ5 அளவில் எட்டுப் பக்கம் கிடைக்கும். தெருமுனை ஜெராக்ஸ் கடையே போதும். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் 2005 முதல் பாடம் நடத்தும் கார்ட்டூன் பள்ளியில் அச்சிடவும் கட்டவும் தனிக்கூடம் வைத்திருக்கிறார்கள். உனக்கு ஒரு நீண்ட கை ஸ்டேப்ளர் கிடைத்தால் நன்று.

முதலில் ஒரே தாளில் எட்டுப் பக்கத்தையும் தீப்பெட்டி அளவில் கிறுக்கச் சொல். 2-3, 4-5, 6-7 எதிரெதிரே வருவதால் அவற்றை ஜோடியாகவே வரையட்டும். வாசகர் திடுக்கிட வேண்டிய கட்டம் இரட்டைப்படைப் பக்கத்தின் தொடக்கத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் தாளைத் திருப்பினால்தான் அது தெரியும். ஒற்றைப்படைப் பக்கத்தில் வைத்தால், எதிர்ப்பக்கத்தைப் படிக்கும்போதே கண் அங்கே ஓடிவிடும். இந்தக் கிறுக்கலை மூன்று முறையாவது திருத்தச் சொல். இங்கே ஒரு கட்டத்தை மாற்ற ஒரு நிமிடம் ஆகும், மை போட்ட பிறகு ஒரு நாள் போய்விடும்.

அசலை ஒன்றரை மடங்கில் வரையட்டும். ஏ5 என்பது 148 × 210 மி.மீ.; ஒன்றரை மடங்கு 222 × 315, ஏ3 தாளில் தாராளமாக அடங்கும். வெட்டும் கோட்டுக்கு வெளியே 4.5 மி.மீ. வரை படம் நீள வேண்டும், சுருங்கும்போது அது 3 மி.மீ. ஆகும். எழுத்தும் முகமும் வெட்டுக்கோட்டிலிருந்து 15 மி.மீ. உள்ளே தள்ளியே இருக்கட்டும். 0.1 மி.மீ. பேனாவில் இழைத்த நுணுக்கமெல்லாம் சுருக்கும்போது அறுந்துபோகும், நெருக்கமாகப் போட்ட குறுக்குக் கோடுகள் மையில் அடைத்துக் கரியாகிவிடும். 0.3-க்குக் கீழே போகவிடாதே.

இனி வசனம். இதில்தான் நீ அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். படம் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் பலூனை, அதாவது வசனக் குமிழை, செருகுவதுதான் எல்லோரும் செய்வது. பென்சிலில் கட்டம் பிரித்த உடனே, ஆளை வரைவதற்கு முன்பே, வசனத்தை அதன் உண்மையான அளவில் எழுதி இடம்பிடிக்க வேண்டும். ஆங்கில காமிக்ஸில் எல்லாம் பெரிய எழுத்து, ஒரே உயரம், வரிகள் நெருங்கி நிற்கும். அந்த பலூன் வடிவத்தைத் தமிழுக்கு எடுத்தால் முட்டும். நமக்கு மேலே கொக்கி, கீழே வால். அச்சில் 9 பாயின்ட் எழுத்துக்கு 12 பாயின்ட் வரி இடைவெளியாவது வேண்டும். ‘போய்க்கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரு சொல்லே பலூனின் அகலத்தைத் தின்றுவிடும், ‘போயிட்டிருக்காங்க’ என்றால் அடங்கும், காதிலும் சரியாக விழும். ஒரு பலூனுக்குப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்கட்டும். வலப்பக்கம்தான் நிற்க வேண்டுமென்றால் அவருடைய பலூன் மற்றதைவிட மேலே ஏற வேண்டும். இது தவறினால் பதில் முன்னேயும் கேள்வி பின்னேயும் வந்து நிற்கும்.

கணினியில் எழுத்து சேர்ப்பவர்கள் யூனிகோடில்தான் அடிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால், அது இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். ஃபோட்டோஷாப்பில் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நின்றால், எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இயங்கவில்லை என்று பொருள். அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் எழுத்தைக் கோட்டுருவமாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றிவிடு. திருத்தக்கூடிய பிரதி ஒன்று தனியாக இருக்கட்டும்.

ஸ்கேன் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), சாம்பல் நிறத்தில். பிறகு வெறும் கறுப்பு வெள்ளையாக்க வேண்டும். வண்ணம் 300 போதும், ஆனால் கோட்டுக்குத் தனி அடுக்கு. கோடும் எழுத்தும் கறுப்பு மையில் மட்டும் அச்சாக வேண்டும். திரைக்கான ஆர்ஜிபி கோப்பை அப்படியே அச்சுக்கான சிஎம்ஒய்கே ஆக்கினால் கறுப்பு நாலு மையாகப் பிரியும், அச்சுத் தட்டு ஒரு இழை விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

பத்திரிகைக் கார்ட்டூன் வேறு பயிற்சி. காலை நாளிதழைக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் ஐந்து யோசனை, அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒன்றை முடிக்கச் சொல். ஒரு பத்தி அகலத்துக்குச் சுருக்கியும் புரிகிறதா என்று பார்.

வேலை கேட்கும்போது காட்டும் மாதிரித் தொகுப்புக்கு எட்டு முதல் பத்துப் பக்கம் போதும், அதில் பாதிக்கு மேல் தொடர்பக்கங்கள் இருக்க வேண்டும். வாளேந்திய தனி வீரனை எல்லோரும் வரைகிறார்கள். இரண்டு பேர் டீக்கடை பெஞ்சில் பேசும் மூன்று பக்கத்தை அலுக்காமல் வரைந்தவனைத்தான் ஆசிரியர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு பேருந்து நிலையக் கூட்டம், ஒரு மாடு, ஒரு ஸ்கூட்டர் உள்ளே இருக்கட்டும். காமிக்ஸ் பதிப்பகத்தை மட்டும் நம்பினால் தமிழில் வாய்ப்பு குறைவு என்பதை மறைக்காமல் சொல்லிவிடு. சினிமா, விளம்பர ஸ்டோரிபோர்டு (காட்சிகளை முன்கூட்டியே வரைவது), பாடநூல், சுகாதார விழிப்புணர்வுப் படக்கதை எல்லாம் இதே கையைத்தான் கேட்கின்றன. கோபுலுவே பத்திரிகையிலிருந்து விளம்பரத் துறைக்குப் போனவர்தானே.

ஒவ்வொரு பக்கத்துக்கும் எடுத்த நேரத்தை மாணவர்கள் குறித்து வைக்கட்டும். பென்சில் ஐந்து மணி, மை ஐந்து, வண்ணம் நாலு, மற்றவை இரண்டு என்று வந்தால் ஒரு பக்கம் இரண்டு நாள் வேலை. அது தெரியாமல் கூலி பேசினால் நஷ்டம்தான்.

ஒப்பந்தத்துக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை வாசித்துக் காட்டு. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். மாதச் சம்பளத்தில் சேர்ந்தால் 17-ஆம் பிரிவின்படி நிலை மாறும், அதையும் சொல். கிறுக்கல் நிலையில் இரண்டு திருத்தம், பென்சிலில் ஒன்று, அதற்கு மேல் தனிக் கட்டணம் என்ற வரி ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும். முன்பணம் வராமல் மை தொடக்கூடாது.

அம்மாவுக்குக் கண் அறுவை முடிந்துவிட்டதா? விசாரித்ததாகச் சொல். எட்டுப் பக்கக் கிறுக்கல்கள் தயாரானதும், பென்சிலுக்குப் போகும் முன்பே எனக்கு அனுப்பு. பலூன் வரிசையை மட்டுமாவது நான் பார்த்துச் சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்