ஏழாம் பக்கத்தை மாற்று

அன்புள்ள நண்பா,

கருந்துளை பற்றிய உன் உரையின் வரைவு வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஏழாம் பக்கத்தில், "எலக்ட்ரான் அணுக்கருவில் விழாமல் நிச்சயமின்மை காப்பதுபோல, கருந்துளையிலும் ஒருமைப்புள்ளியைக் குவாண்டம் விதிகள் தடுக்கும்" என்கிறாய். மொட்டைமாடிக் காலத்திலிருந்தே உனக்கு இந்த உவமைமேல் காதல்! அந்த வரியை அடித்துவிடு.

ஒருமைப்புள்ளி என்பது ஈர்ப்புக் கணக்கு முறிந்துபோகும் முடிவு; அதில் 'புள்ளி' என்ற சொல்தான் ஏமாற்றுகிறது. சுழலாத கருந்துளையில், திரும்பி வரமுடியாத விளிம்பான நிகழ்வு எல்லையைத் தாண்டியதும் ஆரம் காலத்தின் குணத்தைப் பெறுகிறது. ஆரம் சுழியாவது நடுவில் இருக்கும் ஓர் இடமல்ல, வரப்போகும் கணம். நாளையை எந்தப் பக்கம் ஒதுங்கித் தவிர்ப்பாய்? சூரியனின் நிறை கொண்ட கருந்துளையில், எல்லையைக் கடந்தபின் கிடைப்பது அதிகபட்சம் சுமார் 15 மைக்ரோவினாடி. 43 லட்சம் சூரிய நிறை இருந்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். ராக்கெட்டை எப்படி முடுக்கினாலும் இந்த வரம்பு நீளாது. எலக்ட்ரானைச் சிறு இடத்தில் இறுக்கினால், நிச்சயமின்மை விதியால் எகிறும் இயக்க ஆற்றல் அதை வெளியே தள்ளுகிறது. இங்கோ அந்த ஆற்றலுக்கும் ஈர்ப்பு உண்டு. காக்க வந்ததே அமுக்கச் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது, "பிளாங்க் நீளம்வரை பொதுச் சார்பியல் தாங்கும்" என்ற வரி. ஐன்ஸ்டீனின் அந்த ஈர்ப்புக் கோட்பாடு, குவாண்டம் ஈர்ப்புக்குரிய அந்த மிகமிகச் சிறிய நீளம்வரை தாங்காது. பார்க்கவேண்டியது ஆரத்தை அல்ல, காலவெளியின் வளைவை. வளைவு நிறைக்கு நேர்விகிதம், ஆரத்தின் கனத்துக்கு (மும்மடிக்கு) எதிர்விகிதம். சூரிய நிறைக்கு நிகழ்வு எல்லையின் ஆரம் 3 கிலோமீட்டர். அதை மீட்டரில் எழுதி, பிளாங்க் நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கனமூலம் எடு: வளைவு பிளாங்க் அளவை எட்டிக் கோட்பாடு கைவிடும் ஆரம் கிடைக்கும், ஏறத்தாழ 10-இன் மைனஸ் 22ஆம் அடுக்கு மீட்டர். பிளாங்க் நீளத்தைவிடப் பல லட்சம் கோடி மடங்கு பெரியது! நிறை ஆயிரம் மடங்கானால் இதுவும் பத்து மடங்காகும். கிலோமீட்டரை மீட்டராக்க மறந்தால் விடை பத்து மடங்கு குறைந்து வரும், கவனி.

அணுவுக்குப் பதிலாக இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸின் 1965 தேற்றத்தை வை. அடர்த்தி முடிவிலியாகும் என்று அது சொல்லவே இல்லை. ஒளிகூட வெளியேற முடியாத சிக்குண்ட பரப்பு ஒன்று உருவாகிவிட்டால், ஏதாவது ஓர் ஒளிப்பாதை தொடர வழியின்றி நின்றுவிடும் என்றுதான் சொல்கிறது. அதன் நிபந்தனைகளில் ஒன்று, ஒளிப்பாதை நெடுக ஆற்றல் எதிர்மமாக, அதாவது சுழிக்குக் கீழே, போகக் கூடாது என்பது. குவாண்டம் புலங்கள் மீறுவது இதைத்தான். கருந்துளை மெல்ல வெளிவிடும் ஹாக்கிங் கதிர்வீச்சின்போது எல்லைக்குள் எதிர்ம ஆற்றல் பாய்கிறது, கருந்துளை சுருங்குகிறது. தேற்றத்தின் பிடி எங்கே தளர்கிறது என்று நியாயமாகக் காட்ட இதைவிட நல்ல இடம் உனக்குக் கிடைக்காது.

சுழலும் கருந்துளையை இந்த உரையில் தொடாதே. அதன் உள் எல்லைக்குத் தனிக் கடிதம் வேண்டும். திருத்திய பக்கத்தை அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய தோழன்