பாம்புப் படங்களுக்குப் பதில் சொல்லும்போது

வணக்கம். இந்தக் குழுவில் பாம்புப் படமும், அதைப் பார்த்த இடமும் நேரமும் யார் வேண்டுமானாலும் போடலாம். எந்தப் பாம்பு எங்கே திரிகிறது என்பது உங்களால்தான் தெரியவருகிறது. ஆனால் ‘விஷமில்லை’ என்று சொல்வதை மட்டும் நன்கு பழகியவர்களுக்கு விட்டுவிடுங்கள், ப்ளீஸ்.

கடும் விஷமுள்ள கட்டுவிரியனும் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனும் பட்டையைப் பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். கட்டுவிரியனுக்கு நடுமுதுகுச் செதில்கள் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். வரையனுக்கு அப்படி இருக்காது. வரையனின் பட்டைகளும் வால் பக்கம் மங்கிவிடும். முதுகு தெரியும் படம் கிடைத்தால் நல்லது, அதற்காகக் கிட்டே போகாதீர்கள்.

பழகியவர்களும் வெறும் பெயரைச் சொல்லி நிறுத்தாமல் காரணத்தையும் எழுதுங்கள். புதியவர்கள் தயங்காமல் கேள்வி கேளுங்கள்.

அப்புறம், யாரையாவது கடித்துவிட்டால் இங்கே பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ இல்லாமலும் இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.