சவுத் பெண்டிலிருந்து: 1943-இன் ஃபுட்பால் அணி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இண்டியானாவில் குளிர் பிடித்துவிட்டது. சனிக்கிழமை நோட்ரடாம் பல்கலைக்கழக மைதானத்தில் ஆட்டமென்றால் ஊரே அங்கேதான். இவர்கள் ஃபுட்பால் என்பது நம் கால்பந்து இல்லை. இரு முனையும் கூர்ந்த பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். எல்லையைத் தாண்டினால், அதாவது டச்டவுன் எடுத்தால், 6 புள்ளி, பிறகு கம்பத்துக்கு நடுவே உதைத்தால் இன்னும் 1.

நீங்கள் பி.டி. வாத்தியார் ஆயிற்றே, நோட்ரடாமின் 1943 அணியைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். போர்க்காலம். அந்த ஜூலை 1 அன்று கடற்படை, வி-12 என்ற அதிகாரிப் பயிற்சியைக் கல்லூரிகளில் தொடங்கியது. அதில் சேர்ந்தவர்கள் கல்லூரி அணியில் ஆடலாம். தரைப்படைப் பயிற்சியில் இருந்தவர்களுக்கு அந்த அனுமதி இல்லை. அதனால் நோட்ரடாம் போல வி-12 இருந்த கல்லூரிகளுக்கே வலுவான அணி அமைந்தது. ஆனால் வி-12 பயிற்சிப் பருவம் நவம்பர் 1-இல் மாறும். உத்தரவு வந்தால் ஆட்டக்காரன் பாதியிலேயே கிளம்ப வேண்டும்.

பயிற்சியாளர் ஃபிராங்க் லேஹி, 1942-இலேயே, ஆங்கில T எழுத்துபோல் ஆட்டக்காரர்களை நிறுத்தும் டி-வியூகத்துக்கு மாறியிருந்தார். பழைய முறையில் சென்டர், அதாவது முன்வரிசை நடுவிலிருந்து பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குபவன், குனிந்து, கால்களுக்கு நடுவே பின்னால் பார்த்துப் பந்தை எறிய வேண்டும். டி-யில், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அவன் முதுகை ஒட்டி நின்று கைக்குக் கை வாங்குகிறான். சென்டர் தலைநிமிர்ந்தே எதிராளியைத் தடுக்கலாம். ஆபத்தும் அங்கேதான்: பந்து உள்ளங்கையில் படுமுன் குவார்ட்டர்பேக் கையை இழுத்தால் அது தரையில் விழும். ஆளை மாற்றினால் அந்தத் தாளமே மாறிப்போகும்.

ஆள் மாறவும் செய்தது. குவார்ட்டர்பேக் ஏஞ்சலோ பெர்ட்டெல்லி ஆறு ஆட்டங்களில் 36 வீச்சில் 25-ஐத் தன் அணியினர் கையில் சரியாகச் சேர்த்து, 10 டச்டவுன் எடுத்துக்கொடுத்தான். ஆறிலும் வெற்றி, மிச்சிகனை 35-12 என்று அதன் மைதானத்திலேயே வென்றார்கள். ஆறாவது ஆட்டம் முடிந்ததும் மரீன் படைக்குப் போய்விட்டான். அடுத்த வாரமே நியூயார்க்கில், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் பலமான ஆர்மி அணியுடன் ஆட்டம். பதினெட்டு வயது ஜானி லுஜாக் அவன் இடத்தில் நின்றான், 26-0. மாற்று ஆளுக்கும் அதே கைவாங்கலைப் பழக்கி வைத்திருந்ததுதான் லேஹியின் கெட்டிக்காரத்தனம் என்பேன்.

பிறகு அயோவா விமானப் பயிற்சி அணியை 14-13 என்று வென்றார்கள். இரு பக்கமும் இரண்டு டச்டவுன். அவர்கள் தவறவிட்ட ஒரே ஒரு உதைதான் வித்தியாசம். கடைசியில் கிரேட் லேக்ஸ் கடற்படை அணி, இறுதி நிமிடத்தில் ஒரு நீண்ட வீச்சில் 19-14 என்று வீழ்த்தியது. அப்படியும் ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசைப் பட்டியலில் நோட்ரடாமுக்கே முதலிடம். ஆறே ஆட்டம் ஆடிய பெர்ட்டெல்லிக்கு, சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பை. செய்தி கிடைத்தபோது அவன் படை முகாமில் இருந்தான்.

அம்மாவிடம் கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது என்று சொல்லுங்கள்.

அன்பு மகன்