மின்கார் வரிவிலக்கை ரூபாயில் தாருங்கள்: கடலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் நிதி, போக்குவரத்து, எரிசக்தித் துறைகளின் மாண்புமிகு அமைச்சர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

கடலூரில் கார் விற்பனை, வாகனக் கடன், ஆர்.டி.ஓ. பதிவு, வீட்டு சார்ஜர் பொருத்துதல் ஆகிய வேலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. வாழ்நாள் வரி என்பது காரைப் பதிவு செய்யும்போது ஒரேமுறை கட்டும் சாலை வரி. மின்கார்களுக்குத் தரும் அந்த வரிவிலக்கைச் சதவீதக் கணக்கில் தராமல், ரூபாயில் ஓர் உச்சவரம்பு வைத்துத் தாருங்கள். எந்த ஆண்டில் எவ்வளவு குறையும் என்பதையும் அரசாணையிலேயே எழுதிவிடுங்கள். எங்கள் முதன்மையான கோரிக்கை இதுதான்.

மானியம் என்றதும் டெல்லியிலிருந்து பணம் வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்குபவருக்கு 2019 ஏப்ரலுக்குப் பிறகு அப்படி ஒரு ரூபாயும் வரவில்லை. மத்திய அரசின் மின்வாகன மானியத் திட்டமான ஃபேமின் இரண்டாம் கட்டத்தில், பேட்டரித் திறனின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 10,000 ரூபாய் கொடுத்தார்கள். அதுவும் டாக்சி போன்ற வாடகைக் கார்களுக்கு மட்டும். அதற்கடுத்து 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் மானியத் திட்டத்தில் கார்களுக்கு இடமே இல்லை. கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு தந்த 80இஇபி பிரிவும், 2023 மார்ச் 31க்குப் பிறகு அனுமதித்த கடன்களுக்குப் பொருந்தாது. ஆக, வாங்குபவரின் பையைத் தொடும் சலுகை இரண்டுதான்: 5 சதவீத ஜிஎஸ்டி, உங்கள் வாழ்நாள் வரிவிலக்கு.

இதில் முதல் சலுகையின் பலம் 2025 செப்டம்பர் 22 அன்று பாதி போய்விட்டது. மின்காருக்கு 5 சதவீதம் அப்படியே இருக்க, சின்ன பெட்ரோல் கார்களுக்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. பெட்ரோல் கார் விலை குறைந்தால் யாருக்கும் மகிழ்ச்சிதான், அதை நாங்கள் குறை சொல்லவில்லை. கணக்கை மட்டும் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு கார்கள். வரிக்கு முன் பெட்ரோல் கார் 6.5 லட்சம், மின்கார் 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஜிஎஸ்டியில், 13 சதவீத வாழ்நாள் வரியும் கட்டிய பிறகு பெட்ரோல் கார் 9,47,505 ரூபாய். இப்போது 8,66,710. மின்கார் அன்றும் இன்றும் 10,50,000. இன்சூரன்ஸை விட்டுவிட்டால், ஒரு லட்சத்துச் சொச்சமாக இருந்த இடைவெளி 1,83,290 ஆகிவிட்டது.

இந்த இடைவெளியாவது தாங்கக்கூடியதாக இருப்பது உங்கள் வரிவிலக்கால்தான். 2023 நவம்பரில் திருத்திய வாழ்நாள் வரி அடுக்குப்படி, காரின் விலை 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். பேட்டரியின் விலை சேர்ந்திருப்பதால் அந்தச் சின்ன மின்கார் 10 லட்சக் கோட்டைத் தாண்டி 18 சதவீத அடுக்கில் போய் விழுகிறது. அதே அளவு பெட்ரோல் கார் 13இல் நிற்கிறது. விலக்கு முடியும் நாளில் 1,89,000 ரூபாய் ஒரேயடியாக ஏறி, மின்கார் 12,39,000 ஆகும், இடைவெளி 3,72,290. விலக்கைத் திரும்பப் பெறுவது மட்டுமல்ல இது, பெட்ரோல் காரை விடக் கூடுதல் விகிதத்தில் வரி போடுவதும் ஆகும். அப்படி யாரும் திட்டமிடவில்லை என்றே நம்புகிறோம். ஆனால் அட்டவணை அப்படித்தான் வேலை செய்கிறது.

ஓட்டுகிறவருக்கு இதன் அர்த்தம் என்ன? பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய், 16 கிலோமீட்டர் மைலேஜ் என்றால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6.40. மின்கார் சுவர்ப் பிளக்கிலிருந்து எடுக்கும் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும். யூனிட் 9 ரூபாய் என்றால் 1.30. வீட்டிலேயே சார்ஜ் செய்பவர் இன்றைய இடைவெளியை 36,000 கிலோமீட்டரில் மீட்டுவிடலாம். விலக்கு போனால் அது 73,000 ஆகும். வாடகை வீட்டில், மாடியில் குடியிருந்துகொண்டு பொது சார்ஜரையே நம்பும் ஒருவருக்கு, 18 சதவீத ஜிஎஸ்டியோடு யூனிட் 22 ரூபாய் என்று வைத்தால், இன்று 56,000. விலக்கு இல்லாவிட்டால் 1,14,000 கிலோமீட்டர். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து நெய்வேலிக்கு வேலைக்குப் போய்வரும் ஆள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் கார்தான் வாங்குவார்.

மறுபக்கம், ஜிஎஸ்டி சேர்த்து 63 லட்சம் ரூபாய் ஆகும் சொகுசு மின்காருக்கு இதே விலக்கு 12,60,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறது. அந்த ஒரு காருக்குப் போகும் பணத்தில் ஆறு சின்னக் கார்களுக்கு முழு விலக்குக் கொடுக்கலாம். 60 லட்சம் கொடுப்பவர் வரிக்காக மனதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆகவே ஒரு காருக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய் என்று வரம்பு வையுங்கள். சின்னக் காருக்கு வரி பூஜ்யமாகவே இருக்கும், சொகுசுக் கார் 10,60,000 கட்டும். அதன்பின் ஆண்டுக்கு 40,000 வீதம் குறைத்து வாருங்கள். கூடவே மின்காருக்கு மட்டும் 10 லட்சக் கோட்டை 14 லட்சமாக நகர்த்துங்கள். பேட்டரி விலைக்கு வரி அடுக்கு ஏறாமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

அடுத்தது தேதி. 2020 நவம்பரில் வந்த முழு விலக்கு 31-12-2022 வரை என்றது. 2023 பிப்ரவரியில் வந்த கொள்கை 31-12-2025 வரை என்றது. இரண்டுமே டிசம்பர் 31. அதன்பிறகும் விலக்கு நீட்டிக்கப்பட்டது. வரி விழுவது புக்கிங் தேதியில் அல்ல, பதிவுத் தேதியில். நவம்பரில் முன்பணம் கட்டியவருக்கு வண்டி ஜனவரியில் வந்தால், பேங்க் அனுமதித்த கடன் தொகை மாறாது; கூடுதலாக வரும் வரி முழுவதையும் அவர் கையிலிருந்து புரட்ட வேண்டும். ஜெர்மனி 2023 டிசம்பரில் ஒரே நாள் அவகாசத்தில் மானியத்தை நிறுத்தியது. 2024இல் அங்கே மின்கார் விற்பனை கால்பங்குக்கு மேல் சரிந்தது. அமெரிக்காவில் 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30இல் முடிந்தபோது, கடைசி மாதங்களில் அடித்துப்பிடித்து வாங்கினார்கள், அக்டோபரில் விற்பனை விழுந்தது. நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தென்பெண்ணையைத் தாண்டினால் சிறிது தூரத்தில் புதுச்சேரி எல்லை. இங்கே வரி ஏறும்போது கார்கள் புதுச்சேரிப் பதிவான பி.ஒய். நம்பருக்குப் போவது இந்த ஊருக்குப் புதிதல்ல. விலக்கு குறையும் ஒவ்வொரு கட்டத்திலும், அந்தத் தேதிக்கு முன் புக் செய்து இன்வாய்ஸ் போட்டவருக்குப் பழைய விகிதமே என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

வரம்பு வைப்பதில் மிச்சமாகும் பணம் எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்கிறோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 290 யூனிட் கூடும். 350 யூனிட் எடுத்த வீடு 640க்குப் போகும். 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான சலுகை விகிதம் போய்விடும். 501ஆம் யூனிட்டிலிருந்து 8 ரூபாய்க்கு மேல், 601லிருந்து 9 ரூபாய்க்கு மேல். கோடையில் ஏசி போடும் வீட்டில் இன்னும் ஏறும். கார் சார்ஜுக்கு வீட்டிலேயே தனி மீட்டர், அடுக்கு இல்லாத ஒரே விகிதம், இதை எளிதில் கிடைக்கச் செய்யுங்கள்.

வயரிங் செலவு யாருடைய கணக்கிலும் வருவதில்லை. காரோடு வரும் சார்ஜர் எட்டு, பத்து மணி நேரம் விடாமல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில், பல பிளக்குகளுக்கு நடுவே மாட்டினால் சாக்கெட்டின் திருகு தளர்ந்து, சூடேறி, பிளாஸ்டிக் உருகும். மீட்டர் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தனியாக இழுத்து, மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் தனி எம்சிபியும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போட வேண்டும். தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் உப்புக்காற்றில் எர்த் பைப்பின் கிளாம்ப் அரித்துவிடும். எர்த் சரியில்லை என்று சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். அப்போது சில எலக்ட்ரீஷியன்கள் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி சார்ஜரை ஏமாற்றுகிறார்கள். நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுவதும் மின்சாரம் பாயும், மழைநாளில் கதவைத் தொடுகிற குழந்தை உயிரை இழக்கலாம். செம்பு பூசிய கம்பியை மண்ணில் இறக்கி, எர்த்தின் மின்தடை 5 ஓம்முக்குள் இருப்பதை மின்வாரியப் பொறியாளர் அளந்து சான்று தந்த பிறகு, வீட்டுக்கு 10,000 ரூபாய் உதவி என்று வையுங்கள்.

ஜிஎஸ்டி கவுன்சிலில் நீங்கள் பேச வேண்டியது ஒன்று உண்டு. புதுக் காருக்குள் இருந்தால் பேட்டரிக்கு 5 சதவீதம். எட்டு ஆண்டு வாரண்டி முடிந்து தனியாக மாற்றினால் 18. பழைய மின்காரின் மறுவிலை இந்த இடத்தில்தான் அடிபடுகிறது.

மஞ்சக்குப்பம் ஆட்சியர் அலுவலகத்தில் துறை அதிகாரிகள் ஒரு கூட்டம் வைத்தால், பதிவுச் சீட்டுகள், கடன் அட்டவணைகள், எர்த் அளவுத் தாள்கள் எல்லாவற்றோடும் வருகிறோம்.

இப்படிக்கு,
கடலூர் மின்கார் விற்பனை, கடன், பதிவு, சார்ஜர் பணியாளர்கள்