மூஞ்சிக்கல் ரோட்டில் அம்மா மறுபடி நடக்கிறார்

கொடைக்கானல் மூஞ்சிக்கல் கடைக்காரர்களுக்கும், டாக்சி, வேன் ஓட்டும் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

நேற்றுக் காலை அம்மா துணையில்லாமல் ரோட்டைக் கடந்து பால் வாங்கி வந்தார். எட்டு மாதத்துக்கு அப்புறம். உங்களிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது.

போன கார்த்திகையில், மேகம் இறங்கியிருந்த ஒரு சாயங்காலம், ஓரமாக நின்ற இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து ரோட்டில் கால் வைத்தவரை, இறக்கத்தில் வந்த சுற்றுலா வேன் தட்டிவிட்டது. கூட்டம் தூக்கி உட்கார வைக்கப் பார்த்தது. "அசைக்காதீங்க, கால் முறிஞ்சிருக்கு" என்று தடுத்து, தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்தி, 108 வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் டாக்சி ஸ்டாண்டு அண்ணன் ஒருவர். போலீஸ் வந்ததும் நழுவாமல் நடந்ததைச் சொன்னார். உதவியவரை வழக்கு, விசாரணை என்று இழுத்தடிக்காமல் காக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவை 2019-ல் சேர்த்திருக்கிறார்கள். அவருக்கு அது தெரியாது. தெரியாமலேதான் நின்றார். விபத்தில் அடிபட்டவர்களுக்கான தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு எங்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை.

கடைக்காரர்களிடம் பட்ட கடன் இன்னும் பெரிது. ஸ்வெட்டர் ஸ்டாண்டும் பூண்டு மூட்டையும் வெளியே வந்தால் ஓரத்தில் நடக்க இடமிருக்காது. நடப்பவர் ரோட்டில் இறங்குவார், நிற்கும் வண்டி அவரை மறைத்துவிடும். அம்மாவுக்கு நடந்தது அதுதான். யாரும் நோட்டீஸ் கொடுக்காமலே சரக்கை உள்ளே இழுத்துக்கொண்டீர்கள். பேரிக்காய் அக்கா வளைவில் நின்ற தள்ளுவண்டியை எடுத்துவிட்டார். அவருக்கு வியாபாரமே அந்த வளைவில்தான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னமும் தொண்டை அடைக்கிறது.

கீழேயிருந்து வரும் வண்டிக்காரர்களிடம், "ஏறின கியர்லயே இறக்குங்க, நியூட்ரல் போடாதீங்க, பிரேக்கையே மிதிச்சா சூடாகிப் பிடிக்காது" என்று ஸ்டாண்டு அண்ணன்மார் சொல்வது தினமும் காதில் விழுகிறது. சொல்லிக்கொண்டே இருங்கள். வெள்ளைக்கோடு போட்டவர்களுக்கும், பள்ளி விடும் நேரத்தில் மழையிலும் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கும் நன்றி.

டாக்சி அண்ணே, உங்கள் ஸ்வெட்டரைத் துவைத்து வைத்திருக்கிறோம். கறை முழுதாகப் போகவில்லை. அம்மா புதிதாக ஒன்று பின்னுகிறார், கழுத்து மட்டும்தான் பாக்கி.